கைபிடிக்காமல் கதிரையை விட்டு எழும்ப முடிகிறதா?

வாசகர் கேள்வி – பதில்: முதுமையில் உடல்பலமும் மனநலமும்

"வயசு போனால் இப்படித்தானே?" பல கடிதங்கள் இந்த வசனத்தோடுதான் முடிகின்றன. சிலவற்றுக்கு "ஓம்" என்பதுதான் பதில். ஆனால் வயதின் கணக்கில் எழுதிவிட்ட பல குறைகளுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது: மெலிந்த தொடையில், காதில், குளிசைப் பெட்டியில். இந்த இதழில் அப்படிப்பட்ட கடிதங்களையே எடுத்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 68 வயது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் விடியற்காலையில் மரைன் டிரைவில் 45 நிமிடம் நடக்கிறேன். பிரஷரும் சீனியும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆனாலும் தாழ்வான செற்றியில் இருந்தால் கையை ஊன்றித்தான் எழும்ப வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் ஏறும்போதும் யாராவது கை கொடுத்தால் நல்லது போல் இருக்கிறது. இவ்வளவு நடந்தும் ஏன் இப்படி?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: நடையை நிறுத்த வேண்டாம். இதயத்துக்கும் சீனிக்கும் மனதுக்கும் அதனால் வரும் நன்மை பெரிது. ஆனால் சமதரையில் நடக்கும்போது தொடைக்கும் இடுப்புக்கும் கிடைக்கும் பாரம் மிகக் குறைவு. தசையில் களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் நார்களும் உண்டு, சட்டென்று விசை கொடுக்கும் நார்களும் உண்டு. நடைக்கு முதல்வகை போதும். செற்றியிலிருந்து எழும்பவும், பஸ்ஸில் ஏறவும், கால் தடுக்கினால் மற்றக் காலை முன்னே வைத்துச் சமாளிக்கவும் இரண்டாம் வகை வேண்டும். வயது ஏற ஏற முதலில் மெலிவது இந்த இரண்டாம் வகைதான். 30 வயதைத் தாண்டியபின் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 வீதம் வரை தசை குறைகிறது. 60க்குப் பிறகு இன்னும் வேகமாக. தசை போன இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதால் தராசு காட்டும் நிறை மாறாது. அதனால் பலருக்கு இது தெரிவதே இல்லை.

முதலில் அளந்து பாருங்கள். சுவரோடு சாத்தி வைத்த, சுமார் 17 அங்குல உயரமான மரக் கதிரை ஒன்று போதும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடிக்குள் எத்தனை தடவை முழுதாக எழும்பி மீண்டும் இருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். 65 – 69 வயதில் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11 ஆவது வரவேண்டும். குறைந்தால் விழுந்துவிடும் ஆபத்து கூட. ஐந்து தடவை எழும்பி இருக்க 15 வினாடிக்கு மேல் எடுத்தாலும் கால்பலம் குறைந்துவிட்டது என்றே வைத்தியர்கள் கணிப்பார்கள்.

பயிற்சியும் இதே கதிரையில்தான். பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேர்மேலே வரும்வரை முன்னே சாயுங்கள். மூச்சை வெளியே விட்டபடி எழும்புங்கள். இறங்கும்போதுதான் உண்மையான வேலை இருக்கிறது: மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு மெல்ல இருங்கள். "தொப்" என்று விழுந்து இருந்தால் பாதிப் பயிற்சி வீண், முதுகெலும்புக்கும் அடி. 8 தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 8. அது சுலபமானால் 12 ஆக்குங்கள். 12உம் சுலபமானால் எண்ணிக்கையைக் கூட்டாமல் பாரத்தைக் கூட்டுங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நெஞ்சோடு அணைத்தால் ஒன்றரைக் கிலோ. அரிசிப் பையில் இரண்டு, மூன்று என்று கட்டி 5 கிலோ வரை போகலாம். கடைசி இரண்டு தடவையும் கஷ்டமாக இருக்க வேண்டும். ஆனால் "இன்னும் இரண்டு செய்யலாம்" என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும். பாரம் சரிதானா என்று அறிய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இதனோடு வேறு நான்கு. குசினி மேசையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, 12 தடவை. சுவரில் கை ஊன்றி நெஞ்சைத் தள்ளி எடுப்பது, 10 தடவை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் முதற்படியில் ஏறி இறங்குவது, ஒவ்வொரு காலுக்கும் 8. இரண்டு கையிலும் சந்தைப் பை தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் 20 மீற்றர் நடப்பது. கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு. அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்காது. உலக சுகாதார ஸ்தாபனம் 65 வயதைத் தாண்டியவர்களிடம் எதிர்பார்ப்பது, கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட நடை போன்ற அசைவு, 2 நாள் பலப்பயிற்சி, 3 நாள் சமநிலைப் பயிற்சி. முதலாவதை நீங்கள் இரண்டு மடங்கு செய்கிறீர்கள். மற்ற இரண்டிலும் பூச்சியம்.

எங்கே பிழைக்கிறது என்றால்: பிளாஸ்டிக் கதிரை வழவழப்பான தரையில் பின்னே வழுக்கிப் போகும், அதை வைத்துச் செய்யாதீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் பிரஷர் குபீரென்று ஏறும்; வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வெளியே வரும். முதல் இரண்டு கிழமை தொடை உளையும். அது 48 மணித்தியாலத்துக்குள் அடங்கினால் பயமில்லை. நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, வழமையில்லாத மூச்சுத் திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், பிரஷர் 180/110க்கு மேல் நிற்பவர்களும் கேட்காமல் தொடங்கக்கூடாது. சீனிக்கு இன்சுலின் அல்லது கிளிக்லசைட் எடுப்பவர்கள் சட்டைப்பையில் சீனி வைத்துக்கொள்ளுங்கள்; கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதியுங்கள்.

கேள்வி: 84 வயது அம்மம்மாவுக்கு இனிப் பலப்பயிற்சி செய்து என்ன பயன்?
— வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: 1990இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் சராசரியாக 90 வயதான 10 பேருக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. உங்கள் அம்மம்மாவுக்கு அரிசிப் பை தேவையில்லை. கதிரையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, பக்கத்தில் ஒருவர் நிற்க, மூன்று தடவை எழும்பினால் போதும். இரண்டு கிழமையில் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 63 வயது, 52 கிலோ. பிறந்ததிலிருந்து மரக்கறிதான். காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோறும் இரண்டு கறியும் பருப்பும், இரவில் இடியப்பமும் சொதியும். வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறேன். கை கால் மெலிந்துகொண்டே போகிறது. புரதம் போதாது என்கிறார்கள். பருப்பு தினமும் சாப்பிடுகிறேனே?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தினமும்தான் சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான்கு பேருக்கு 100 கிராம் மைசூர்ப் பருப்பைத் தண்ணியாக அவித்தால் உங்கள் பங்குக்கு வருவது 25 கிராம் பருப்பு. அதில் புரதம் 6 கிராம். சொதியிலும் சம்பலிலும் தேங்காய்தான் இருக்கிறது, புரதம் பேருக்கு.

வயதானவரின் உடல், உண்ட புரதத்தைத் தசையாக மாற்றுவதில் இளையவரைவிட மந்தமானது. அதனால் தேவை குறைவதில்லை, கூடுகிறது: உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1 முதல் 1.2 கிராம். உங்களுக்கு 52 – 62 கிராம். அதையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்தால்தான் தசை எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் காலைச் சாப்பாடுதான் வெறுமை.

கணக்கு இப்படி. வேகவைக்க முன் 50 கிராம் பயறு 12 கிராம் புரதம் தரும், 50 கிராம் கடலை 10 கிராம், காய்ந்த சோயாமீட் 25 கிராம் ஏறக்குறைய 12, ஒரு கைப்பிடி கச்சான் (30 கிராம்) 7, தயிர் 100 கிராம் 4, பால்மா 30 கிராம் 7. முட்டை தின்பீர்கள் என்றால் ஒன்றுக்கு 6. ஆகவே காலையில் பாணுக்குப் பதிலாக அவித்த பயறும் பால்மா கரைத்த தேத்தண்ணியும். மத்தியானம் உங்கள் பங்கு மட்டும் 50 கிராம் வரும்படி கெட்டிப் பருப்பு. இரவு இடியப்பத்தோடு சோயாமீட் கறி, பிறகு ஒரு கிண்ணம் தயிர். இதோடு சோற்றிலும் இடியப்பத்திலும் உள்ளதைச் சேர்த்தால் 55ஐத் தாண்டிவிடும். சோயாமீட்டோடு வரும் சுவைப் பைக்கற்றில் உப்பு அதிகம்; அதை எறிந்துவிட்டு வீட்டு மிளகாய்த்தூளைப் போடுங்கள். மச்சம் சாப்பிடுகிற வாசகர்களுக்கு வேலை சுலபம்: 100 கிராம் சூரையிலோ சாளையிலோ 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. நெத்தலிக் கருவாடு என்றால் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள்.

கடலையை ஒதுக்குவதற்குப் பல நேரம் பல்தான் காரணம்; அப்படியென்றால் கதை பல் வைத்தியரிடம் தொடங்குகிறது. சிறுநீரக வருத்தம் இருப்பவர்கள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் என்ற இரத்த அளவை வைத்தியரிடம் காட்டிக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. டின்னில் வரும் முதியோர் சத்துமா வாங்குபவர்கள் லேபலில் புரதத்தையும் சீனியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலவற்றில் சீனியின் பங்கு வெட்கப்படும்படி இருக்கும்.

மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு இன்னொன்று: விற்றமின் பி12. தாவர உணவில் அது கிடையாது; பாலிலும் தயிரிலும் கொஞ்சம் உண்டு. சீனிக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையைப் பல வருடமாக எடுத்தால் உடல் அதை உறிஞ்சுவதும் குறையும். பாதம் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி, சோர்வு எல்லாம் இதன் குறையால் வரலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதத்துக்கு முன், சீனிக் குளிசையின் அளவை என்ன செய்வது என்று வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார்கள். படி ஏறுவதை அடியோடு விட்டுவிடலாமா?
— வாசகி, மட்டக்குளி

பதில்: விடவேண்டாம், குறையுங்கள். மூட்டைத் தாங்குவது தொடைத் தசை. அது மெலிந்தால் வலி கூடும். கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி 5 வினாடி பிடித்து இறக்குங்கள், 10 தடவை, இரு காலும். எந்தப் பயிற்சியானாலும் அது முடிந்த பிறகு வலி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை பாதியாக்குங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகிற கால் முன்னே.

கேள்வி: 71 வயது. மகன் டொரொன்டோவில், மகள் லண்டனில். மகளோடு பேசி முடிய இரவு 11.30 ஆகிவிடும். 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். 6 வருடமாக ஒரு தூக்கக் குளிசை போடுகிறேன், பாமசியில் பழைய துண்டைக் காட்டி வாங்குவேன். இப்போது அதுவும் கேட்பதில்லை. பகலெல்லாம் தலை பாரம். மாத்திரையை மாற்ற வேண்டுமா?
— வாசகி, தெஹிவளை

பதில்: முதலில் மாற்ற வேண்டியது பிள்ளைகளின் தொலைபேசி நேரத்தை. கோடைகாலத்தில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னே, டொரொன்டோ ஒன்பதரை மணித்தியாலம். மகள் வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், 12.30க்கு எடுத்தால் இங்கே மாலை 5 மணி. மகன் இரவு 8.30க்கு எடுத்தால் இங்கே மறுநாள் காலை 6. அங்கே மாரி வந்ததும் இரண்டும் ஒரு மணித்தியாலம் பிந்தும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசிய கையோடு மனம் அடங்காது. உறக்கத்துக்கு முந்திய மணித்தியாலத்தில் அது வேண்டாம்.

குளிசையை நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். இந்த வகைக் குளிசைகளைப் பல வருடம் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சில வேளை வலிப்பும் வரும். வைத்தியர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சிறிது சிறிதாக அளவைக் குறைப்பார். முழுதாக விட மாதக்கணக்கில் எடுக்கலாம். ஆனால் விடத்தான் வேண்டும். அரைத் தூக்கத்தில் சிறுநீர் கழிக்க எழும்பி விழுந்து இடுப்பெலும்பு உடைவதற்கும், பகல் மறதிக்கும் இவை முக்கிய காரணம். "இது பாரமில்லாத குளிசை" என்று தடிமனுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமைனைத் தூக்கத்துக்கு எடுப்பவர்கள் உண்டு. முதியவருக்கு அதுவும் ஆகாது: சிறுநீர் அடைக்கும், மலம் இறுகும், புத்தி குழம்பும்.

அளவு குறையும் காலத்தில் கைகொடுப்பது ஒழுங்கு. எப்போது உறங்கினாலும் 5.30க்கு எழும்புங்கள், ஞாயிற்றுக்கிழமையும். எழும்பியதும் பல்கனியில் அரை மணித்தியாலம் வெளிச்சம் படட்டும். உண்மையில் உறங்குவது ஐந்தரை மணித்தியாலம் என்றால் 9 மணிக்கே படுக்கையில் கிடந்து புரளாதீர்கள். 11 மணிக்குப் படுங்கள். உறக்கம் இறுகிய பிறகு கிழமைக்குக் கால் மணித்தியாலம் முன்னே கொண்டுவரலாம். 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழும்பி வேறு கதிரையில் இருங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்புங்கள். மணிக்கூட்டைப் பார்க்கவே வேண்டாம். பகல் தூக்கம் 3 மணிக்கு முன், அரை மணித்தியாலத்துக்குள். பின்னேரத் தேத்தண்ணியை விடுங்கள். பிளேன்டீயிலும் கபேன் உண்டு. சிறுநீருக்காக விழிப்பு வருகிறது என்றால், தண்ணீர் போகச் செய்யும் குளிசையை எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். காலைக்கு மாற்றினாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். சத்தமான குறட்டையும் பகல் உறக்கமும் சேர்ந்திருந்தால் உறக்கத்தில் மூச்சுத்தடை உண்டா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: வல்லாரை மறதியைத் தடுக்குமா?
— வாசகர், மருதானை

பதில்: நல்ல கீரை, சம்பலாகச் சாப்பிடுங்கள். மறதிநோயைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. அதைக் குளிசையாக்கி விற்கும் விலைக்கு ஒரு மாத மீன் வாங்கலாம்.

கேள்வி: மாமிக்கு 76 வயது. முன்பு வீட்டில் அவர் குரல்தான் கேட்கும். ஒரு வருடமாக அறைக்குள்ளேயே இருக்கிறார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். ரீவியை அலறவிடுகிறார். கலியாண வீடுகளுக்கும் வர மறுக்கிறார். மறதிநோய் தொடங்கிவிட்டதா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: நீங்கள் எழுதியதில் மறதி ஒரு இடத்திலும் இல்லை. எழுதியிருப்பதெல்லாம் காதைப் பற்றி.

முதுமையில் முதலில் போவது கூர்மையான ஒலிகள். உயிரொலி கேட்கும், மெய்யொலி கேட்காது. "பல்லு" என்று நீங்கள் சொல்வது அவருக்குக் "கல்லு" என்று கேட்கலாம். அதனால்தான் "கேட்குது, ஆனால் விளங்கேல்லை" என்பார்கள். ஊகித்துப் பதில் சொல்லி, இரண்டு முறை சிரிப்புக்கு ஆளானபின் பேச்சைக் குறைப்பார்கள். கலியாண மண்டபத்தின் இரைச்சலில் ஊகிக்கவும் முடியாது. இப்படி ஒதுங்கிப் போவது வெறும் மனக்கஷ்டமல்ல. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கு வழிவகுக்கும் மாற்றக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் இழப்பும் ஒன்று. கூடிய பிரஷர், சீனி, புகை, தனிமை, கண் பார்வைக் குறை எல்லாம் அதே பட்டியலில் உண்டு.

செய்யவேண்டியது: முதலில் காதுக்குள் குறுமி அடைத்திருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கட்டும். பஞ்சுக் குச்சியால் நோண்டினால் குறுமி இன்னும் உள்ளேதான் போகும். காது சுத்தமென்றால் கேள்திறன் பரிசோதனை. கருவி வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு காதுக்கும் தேவைப்படும். இங்கேதான் பல குடும்பங்கள் தோற்கின்றன: கருவியை வாங்கி அன்றைக்கே கலியாண வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். பல வருடம் கேட்காத கரண்டிச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் மண்டைக்குள் இடிக்கும். கருவி லாச்சிக்குள் போய்விடும். முதல் கிழமை அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும், நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம். அடுத்தது குசினி. பிறகு கடை. கோவிலும் கலியாண வீடும் கடைசியில். மூளை பழக ஆறு முதல் பன்னிரண்டு கிழமை எடுக்கும். கருவி விசிலடித்தால் பெரும்பாலும் அது காதில் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது குறுமி. தூக்கி எறியாமல் வாங்கிய இடத்தில் சரிசெய்விக்க வேண்டும். நீங்களும் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தாதீர்கள். ரீவியை நிறுத்தி, முகத்துக்கு நேரே வந்து, வழமையான குரலில் மெதுவாகச் சொல்லுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. ஒரே மணித்தியாலத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய ஒழுங்கையில் வழி தவறுவது, ஐம்பது வருடம் வைத்த கறியில் எது முதல், எது பிறகு என்று தடுமாறுவது, காசுக் கணக்கு பிழைப்பது. இவை மாதக்கணக்கில் கூடிவந்தால் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். பி12, தைரொயிட், சோடியம், சீனி, இரத்தச்சோகை என்பவற்றைப் பார்ப்பார். இவற்றில் ஒன்று பிழைத்தாலும் மறதி போலவே தெரியும், மருந்தால் சீராகும். ஓரிரு நாளுக்குள் திடீரென்று புத்தி குழம்பினால் அது மறதிநோய் அல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சீனி குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து போன்ற ஏதோ ஒன்று. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: அம்மா தவறி ஐந்து மாதம். அப்பாவுக்கு 78. அழுவதில்லை. உடம்பெல்லாம் உளையுது என்கிறார், பரிசோதனைகளில் ஒன்றுமில்லை. சாப்பாடு குறைந்து சாரம் இடுப்பில் நிற்பதில்லை. விடிய 3 மணிக்கே எழும்பி இருட்டில் இருக்கிறார். "நான் இருந்து என்ன செய்ய?" என்கிறார். மாதம் ஒரு பிள்ளை வீடு என்று வைத்திருந்தால் மாறுதலாக இருக்குமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கவலை அலை போல வரும், போகும்; இடையில் பேரப்பிள்ளையைக் கண்டால் முகம் மலரும். உங்கள் அப்பாவிடம் நீங்கள் சொல்வது அப்படியில்லை. எதிலும் ருசியின்மை, மெலிவு, அதிகாலை விழிப்பு இவை இரண்டு கிழமைக்கு மேல் தினமும் இருந்தால் அது மனச்சோர்வு நோய். அந்தத் தலைமுறை ஆண்கள் மனம் நோகுது என்று சொல்லிப் பழகாதவர்கள். உடம்பு நோகுது என்பார்கள்.

நேராகக் கேளுங்கள்: "அப்பா, சாகவேணும் எண்டு யோசனை வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. பலருக்கு அது பாரம் இறக்கிய மாதிரி இருக்கும். ஓம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள குளிசைகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எந்த நேரமும் எடுக்கலாம்.

மருந்து தொடங்கினால் நான்கு முதல் ஆறு கிழமை வரை மாற்றம் தெரியாமல் இருக்கலாம். "ஒன்றும் செய்யவில்லை" என்று பத்தாம் நாள் நிறுத்துவதுதான் வழமையான பிழை. முதியவருக்கு இம்மருந்துகளில் சில சோடியத்தைக் குறைக்கும். தொடங்கி இரண்டு கிழமையில் இரத்தம் பார்ப்பது நல்லது. சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

வீடு மாற்றுவது பற்றி: வேண்டாம். துணையை இழந்தவருக்கு மிஞ்சியிருப்பது தன் கட்டில், தன் ஜன்னல், தெருமுனைக் கடைக்காரர். மாதம் ஒரு வீடு என்றால் அதுவும் போய்விடும், எங்கும் விருந்தாளியாகிவிடுவார். பிள்ளைகள்தான் முறை வைத்து அங்கே போக வேண்டும். ஒரு வேளையாவது அவரோடு இருந்து சாப்பிடுங்கள். "கொஞ்சம் நடந்துவிட்டு வாங்கோ" என்று சொன்னால் போகமாட்டார். "7 மணிக்குப் பேப்பர் வாங்கிவந்து தாங்கோ" என்றால் போவார். வேலைக்கு நேரமும், காத்திருக்க ஒரு ஆளும் வேண்டும். வாசிப்பவர் என்றால் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்குக் கிழமையில் ஒரு நாள் கூட்டிப் போய் விட்டுவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துக் கூட்டி வாருங்கள். முதல் சில தடவை பிடிக்காது. மனம் வந்தபின் போகலாம் என்று காத்திருந்தால் மனம் வராது; போன பிறகுதான் வரும்.

கேள்வி: 74 வயது, தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் தனியே இருக்கிறேன். போன மாதம் குளியலறையில் வழுக்கிவிட்டது. அடி இல்லை, ஆனால் எழும்பப் பெரும்பாடு பட்டேன். என்ன முன்னேற்பாடு செய்யலாம்?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு கூட. ஆகவே முதலில் ஏன் விழுந்தீர்கள் என்று பாருங்கள். வழுக்கியதா, கண் இருட்டியதா? இருட்டியது என்றால் ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் எடுத்து, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் பிரஷர்க் குளிசையோ, புரொஸ்டேட் வீக்கத்துக்கு எடுக்கும் குளிசையோ காரணமாக இருக்கலாம். இரவில் எழும்பும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் இருந்து, பாதத்தைப் பத்து முறை ஆட்டிவிட்டு எழும்புங்கள்.

குளியலறையில் துவாய்க் கம்பியைப் பிடித்து எழும்புவது பெரும் ஆபத்து. அது உங்கள் பாரத்துக்கு வைத்ததல்ல, சுவரோடு பிய்ந்து வரும். சுவரைத் துளைத்து இறுக்கும் கைப்பிடி இரண்டு வேண்டும்: கொமட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று. கொமட் இருக்கை 17 – 19 அங்குலம் இருக்கட்டும். அடியில் றப்பர் வைத்த உறுதியான ஸ்டூலில் இருந்து குளியுங்கள். அடி தேய்ந்த ரப்பர்ச் செருப்பைத் தூக்கி எறியுங்கள். சாரத்தைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். வாசல் கால்மிதி மடங்கினால் அது பொறி. கட்டிலிலிருந்து குளியலறை வரை சின்ன லைட் ஒன்று இரவு முழுதும் எரியட்டும்.

சமநிலைக்கு: குசினி மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து 10 வினாடி. முடியாவிட்டால் மேசையை ஒரு விரலால் தொட்டபடி. தினமும் பல் தீட்டிய பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

விழுந்தபின் எழும்புவதை, வீட்டில் யாராவது இருக்கும் நாளில் பாய் விரித்துப் பழகுங்கள். உடனே எழும்பாதீர்கள்; ஒரு நிமிடம் கிடந்து கை காலை அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகப் புரளுங்கள். முழங்கையை ஊன்றி, பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி நாலு காலில் நில்லுங்கள். அப்படியே தவழ்ந்து கதிரைக்குப் போய் இரு கையையும் இருக்கையில் வையுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, தள்ளி எழும்பி, திரும்பி இருங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசையாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. இரத்தம் உறையாமலிருக்க வோபரின், குளோபிடோகிரல் போன்றவை எடுப்பவர் தலையில் அடிபட்டால், ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; கசிவு மணித்தியாலங்கள் கழித்துத் தெரியவரும்.

கைத்தொலைபேசியை அலுமாரி மேலே வைக்காமல் கழுத்தில் தொங்கவிடுங்கள். குளிக்கப் போகும்போது தரையிலிருந்து எட்டும் உயரத்தில் வையுங்கள். குளியலறைக் கதவை உள்ளே பூட்டாதீர்கள். முன்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாமல் பூட்டோடு விடுங்கள், மாற்றுத் திறப்பு ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்து வையுங்கள். அம்புலன்ஸ் வந்து நின்ற பிறகு கதவு உடைக்க ஆள் தேடக்கூடாது.